நின்றாரா, நிறுத்தினார்களா?

உங்களிடம் ஒரு சின்ன விண்ணப்பம். நாளைக் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும் வரை, உங்கள் வீட்டில் ‘ஸ்டாப்’ என்ற சொல் எத்தனை தடவை காதில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நான் போன வாரம் எண்ணிப் பார்த்தேன். பதினோரு தடவை.

“தாத்தா, பஸ் ஸ்டாப்புல வந்து நில்லுங்க” என்று பேரன் சொன்னான். “மழை ஸ்டாப் ஆனாத்தான் துணி காயும்” என்று மருமகள் அலுத்துக் கொண்டாள். “சீனியை ஸ்டாப் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?” என்று என் கையிலிருந்த கோப்பிக் கோப்பையைப் பார்த்து மனைவி கேட்டாள். பக்கத்து வீட்டம்மா வேலியோரம் நின்று, தன் தங்கை மகன் காலேஜை ஸ்டாப் பண்ணிவிட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டார். இப்படியே பத்து ஆயிற்று. பதினோராவது தடவை தொலைபேசியில் வந்தது. எங்கள் பழைய தோட்டத்துப் பையன் ஒருவன். “மாமா, எனக்கு வேலை ஸ்டாப்” என்றான்.

முதல் பத்தும் காற்றோடு போய்விட்டன. பதினோராவது மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஏன் தைத்தது என்று சொல்வதற்குத்தான் இன்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

நான் ஜொகூர் மாநிலத்தில் பொந்தியானில் குடியிருப்பவன். கடலும் ஆறும் சேருகிற ஊர். சுற்றிலும் அன்னாசி, தென்னை, செம்பனை. ஒரு காலத்தில் கித்தா மரங்களும் நிறைந்திருந்தன. எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். அந்த நாளில் கடலில் போன வியாபாரிகள் இங்கே ஆற்று முகத்தில் படகைக் கட்டி இளைப்பாறிவிட்டுப் போவார்களாம். மலாயில் ‘பெர்ஹெந்தியான்’ என்றால் நிற்கும் இடம், தங்கும் இடம். அதுவே மருவிப் ‘பொந்தியான்’ ஆயிற்று என்பது கதை. அதாவது, எங்கள் ஊரின் பெயரே ஒரு ‘ஸ்டாப்’தான்! இன்னொன்றும் சொல்கிறேன். இதே பொந்தியான் மாவட்டத்தில்தான் தஞ்சோங் பியாய் இருக்கிறது. ஆசியாக் கண்டத்தின் பெருநிலம் தெற்கே போய் முடிகிற கடைசி முனை அது. அங்கே நின்று பார்த்தால் முன்னால் கடல். கண்டமே ‘ஸ்டாப்’ ஆகிற இடம்!

இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் பத்தொன்பது வயது தாண்டியும் சரியாகத் தெரியவில்லை என்றால் நம்புவீர்களா?

எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் முதன்முதலாக நுழைந்தது ஒரு தந்தியில். 1958ஆம் ஆண்டு என்று அப்பா சொல்வார். ஊரில் தாத்தாவின் தகப்பனார் காலமாகிவிட்டார். தோட்டத்து ஆபீசுக்குத் தந்தி வந்தது. கிராணி தாத்தாவைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே வாசித்தாராம்: “ஃபாதர் எக்ஸ்பையர்ட் ஸ்டாப் ஸ்டார்ட் இமீடியட்லி.”

தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ‘ஸ்டாப்’ தெரியும், ‘ஸ்டார்ட்’ தெரியும். லாரி ஓட்டுகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார். கைகட்டி நின்றபடியே கேட்டாராம்: “ஐயா, என்னை நிக்கச் சொல்றாங்களா, கிளம்பச் சொல்றாங்களா?”

அந்தக் காலத்துத் தந்தியில் வாக்கியம் முடிகிற இடத்தில் புள்ளிக்குப் பதிலாக ‘ஸ்டாப்’ என்று சொல்லாகவே போட்டுவிடுவார்கள். ‘தகப்பனார் இறந்துவிட்டார். உடனே புறப்பட்டு வா’ என்பதுதான் செய்தி. நடுவில் இருந்தது வெறும் முற்றுப்புள்ளி. கிராணி விளக்கிச் சொன்னபிறகுதான் தாத்தா அழுதாராம். புறப்பட்டு எங்கே போவது? ரஜூலா கப்பலில் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, ஊர் போய்ச் சேரும்வரை பிணம் காத்திருக்குமா? தோட்டத்து ஆற்றங்கரையிலேயே தலைமுழுகிவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போனார். இந்தியாவில் தந்திச் சேவையையே 2013ல் மூடிவிட்டார்கள். ஆனாலும் “நிக்கச் சொல்றாங்களா, கிளம்பச் சொல்றாங்களா” என்ற அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. யாராவது குழம்பி நின்றால் அதைச் சொல்லிச் சிரிப்போம். சிரிக்கிற விஷயமா என்று அப்போது யோசித்ததில்லை.

அடுத்தது பள்ளிக்கூடம். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, 1978ல் டவுன் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். உங்களில் பலருக்கு அந்த ஒரு வருஷம் நினைவிருக்கும். தமிழ்ப் பள்ளியிலிருந்து வருகிறவர்களும் சீனப் பள்ளியிலிருந்து வருகிறவர்களும் மலாய்மொழியைப் பலப்படுத்திக்கொள்வதற்காக ஒரு வருஷம் சேர்ந்து உட்காருவோம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் எங்கள் தோட்டத்து முச்சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்த தவுக்கேயின் மகன். அவனுக்கு என் தமிழ் பாதி புரியும், எனக்கு அவன் சீனம் ஒரு சொல்லும் புரியாது. இருவருக்கும் ஆங்கிலம் சம அளவில் தெரியாது. அதனால் நல்ல சிநேகிதம்.

ஒருநாள் ஆங்கிலப் பாடத்தில் அப்பாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். அவனுடைய தகப்பனார் அப்போதுதான் சிகரெட்டை விட்டிருந்தார். அதைப் பெருமையாக எழுதினான்: ‘மை ஃபாதர் ஸ்டாப்ட் டு ஸ்மோக்.’ டீச்சர் வாசித்துவிட்டுக் கேட்டார்: “அப்படியா? உன் அப்பா நடந்து போகிறபோது வழியில் நின்று சிகரெட் பற்றவைத்தாரா?” வகுப்பே சிரித்தது. அவன் முகம் சிவந்துபோயிற்று.

டீச்சர் நல்லவர். கரும்பலகையில் இரண்டு வரியை எழுதிக் காட்டினார். ‘ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’ என்றால் புகைப்பதை விட்டுவிட்டார். ‘ஸ்டாப்ட் டு ஸ்மோக்’ என்றால் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, புகைப்பதற்காக நின்றார். ஒரு சின்ன ‘டு’வும் ஒரு சின்ன ‘இங்’கும் சிகரெட்டை விட்ட மனிதர் வாயில் மறுபடியும் சிகரெட்டை வைத்துவிடும்!

அன்று மாலை கடைப் பலகையில் உட்கார்ந்து அவன் என்னிடம் குறைப்பட்டுக் கொண்டான். “எங்கள் மொழியில் வினைச்சொல் உருவமே மாறாது. நேற்றுக்கும் இன்றைக்கும் நாளைக்கும் அதே சொல்தான். நிற்பதற்கு ‘திங்’ என்போம். காரை நிறுத்துவதற்கும் அதேதான். ஆனால் கெட்ட பழக்கத்தை விடுவதற்கு வேறு சொல் இருக்கிறது. இந்த இங்கிலீஷ்காரன் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, வாலை மட்டும் மாற்றுகிறான்!” என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஆதியில் ஓட்டையை அடைப்பதைக் குறித்ததாம். புட்டியை அடைக்கும் மூடிக்கு ‘ஸ்டாப்பர்’ என்று பெயர் வந்தது அதனால்தான். பிறகு ஓடுவதைத் தடுப்பது, நிற்பது, நிறுத்துவது, முடிப்பது என்று அர்த்தம் பெருகிக்கொண்டே போயிற்று. வெள்ளைக்காரத் துரைமார் “என் தம்பி என்னோடு ஸ்டாப் பண்ணுகிறான்” என்ற மாதிரி பேசுவார்கள். அதற்குத் தம்பி விருந்தாளியாகத் தங்கியிருக்கிறான் என்று பொருள். தங்குவதும் ஸ்டாப்தான், தடுப்பதும் ஸ்டாப்தான்!

நம் தமிழைப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பை ஆட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தாரே, தன்வினை, பிறவினை. உருண்டான், உருட்டினான். திருந்தினான், திருத்தினான். நின்றான், நிறுத்தினான். தானாகச் செய்தால் ஒரு சொல், பிறரைச் செய்ய வைத்தால் இன்னொரு சொல். மழை நின்றது என்போம். வண்டியை நிறுத்தினான் என்போம். யார் செய்தது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மலாயிலும் அப்படித்தான். ‘பெர்ஹெந்தி’ என்றால் நின்றான். ‘டிபெர்ஹெந்திக்கான்’ என்றால் நிறுத்தப்பட்டான். இரண்டு மொழியும் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. நாம்தான் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, ‘வேலை ஸ்டாப்’ என்று மொட்டையாகச் சொல்கிறோம். அதில் நின்றவர் யார், நிறுத்தியவர் யார் என்பது காணாமல் போய்விடுகிறது.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1984 ஆகஸ்டு மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. நான் ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தவுக்கே கடைத் தொலைபேசியிலிருந்து அம்மா பேசினார். “தம்பி, அப்பாவுக்கு வேலை ஸ்டாப் ஆயிடுச்சுப்பா. கித்தா மரத்தையெல்லாம் சாய்ச்சிட்டுச் செம்பனை போடப் போறாங்களாம்.”

நான் என்ன கேட்டேன் தெரியுமா? “லயத்து வீட்டை எப்போ காலி பண்ணணும்?” என்று மட்டும் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. வேலை ஸ்டாப் என்றால் வேலை ஸ்டாப். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டிலேயே மலாயும் ஆங்கிலமும் படித்தவன் நான் ஒருவன்தான். அந்த ஒருவனும் கேட்கவில்லை.

அப்பா அந்தத் தோட்டத்தில் 1965லிருந்து பால் மரம் வெட்டினார். பத்தொன்பது வருஷம். நான் பிறந்த வருஷமும் அவர் அங்கே பெயர் பதிந்த வருஷமும் ஒன்று. நாங்கள் பொந்தியான் டவுனுக்கு ஒரு தகரக் கூரை வீட்டுக்குக் குடிவந்தோம். வாடகை மாதம் 80 வெள்ளி. அப்பா ஒரு மரப்பட்டறையில் மூட்டை சுமக்கப் போனார். தவுக்கே மட்டும் முகம் மாறவில்லை. 555 சிட்டைப் புத்தகத்தில் எங்கள் கணக்கை எழுதிக்கொண்டே, “உனக்கு வேலை ஸ்டாப். என் கடையில் உனக்கு அரிசி ஸ்டாப் இல்லை” என்றாராம். அப்பா சாகும்வரை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரிசி வந்தது. பணம் வரவில்லை. 1985 ஜனவரியில் பள்ளி திறந்தபோது என் தங்கை மூன்றாம் படிவத்துக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு எஸ்.ஆர்.பி. பரீட்சை. எங்கள் வீட்டிலேயே கணக்கில் புலி அவள்தான். பஸ் செலவு, புத்தகச் செலவு, பரீட்சைக் கட்டணம் என்று அப்பா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “புள்ளைய ஸ்டாப் பண்ணிருவோம்” என்றார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கை ஒன்றும் பேசவில்லை.

பள்ளியில் தலைமையாசிரியர் இன்னொரு முறை யோசிக்கச் சொன்னாராம். பிறகு, காரணத்தை எழுதிக் கடிதம் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். நல்ல மலாயில், அழகான கையெழுத்தில். பணமில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால், ‘அத்தாஸ் கெஹெண்டாக் செண்டிரி’, அதாவது ‘தன் சொந்த விருப்பத்தின் பேரில்’ பள்ளியிலிருந்து நின்றுகொள்கிறாள் என்று எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். தங்கை அதை ஒரு தடவை வாசித்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். மடித்து எடுத்துக்கொண்டு போனாள். மறுவாரம் ஒரு தையல் கடையில் பொத்தான் கட்டப் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் தகரப் பெட்டியில் பிறப்புப் பத்திரம் எதையோ தேடினேன். அடியில் நாலாக மடித்த ஒரு தாள் கிடந்தது. தட்டச்சு செய்த மலாய்க் கடிதம். கீழே அப்பாவின் கோணல் கையெழுத்து. “இது என்னப்பா?” என்று கேட்டேன். “அதான்டா ஸ்டாப் பேப்பர். ஆபீசுல கூப்பிட்டு, வேலை ஸ்டாப் ஆகுது, இதுல சைன் போடுன்னாங்க. போட்டேன்” என்றார்.

வாசித்தேன். எனக்குக் கைகால் ஓடவில்லை. அதில் இருந்தது நிறுத்தப்பட்டதற்கான அறிவிப்பு அல்ல. ‘நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்’ என்று அப்பாவே எழுதிக்கொடுத்ததாக இருந்தது அந்தக் கடிதம். ‘அத்தாஸ் கெஹெண்டாக் செண்டிரி.’ தங்கைக்காக நான் அழகான கையெழுத்தில் எழுதினேனே, அதே மூன்று சொல்!

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு, அப்பாவை அழைத்துக்கொண்டு தொழிலாளர் இலாகா காரியாலயத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தார். தாளை வாசித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பாக் சிக், நீங்கள் நின்றீர்களா, நிறுத்தினார்களா?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுதானேப்பா?” என்றார்.

ஒன்றல்ல என்பதை அந்த அதிகாரிதான் எங்களுக்கு விளக்கினார். வேலையிலிருந்து நிறுத்தப்படும் தொழிலாளிக்கு இழப்பீடு தரவேண்டும் என்று 1980லேயே விதிகள் வந்துவிட்டன. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் வருஷத்துக்கு 20 நாள். ஒரு வருஷமாவது வேலை செய்திருக்க வேண்டும். இதைத் தவிர, 1955ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி முன்னறிவிப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைந்தால் 4 வாரம், ஐந்து வருஷத்துக்குக் குறைந்தால் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். அந்த அவகாசம் கொடுக்காவிட்டால் அதற்கான சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். ஆனால் தானாக நின்றுகொள்கிறவருக்கு இந்த இழப்பீடு கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு 20 நாள் வீதம் 380 நாள் சம்பளம். நாள் கூலி பத்து வெள்ளி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 3,800 வெள்ளி. முன்னறிவிப்புச் சம்பளம் தனி. எங்கள் தகரக் கூரை வீட்டுக்கு ஏறக்குறைய நாலு வருஷத்து வாடகை அது. தங்கை எஸ்.ஆர்.பி. எழுதி, ஐந்தாம் படிவமும் முடித்திருப்பாள்.

“கையெழுத்து உங்களுடையதா?” என்று அதிகாரி கேட்டார். “ஆமா துவான்” என்றார் அப்பா. கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினால் சட்டம் அதை வேலைநீக்கமாகவே எடுத்துக்கொள்ளும், ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்பதைத் தொழிலாளிதான் காட்டவேண்டும் என்று அவர் சொன்னார். வேலையைத் திரும்பக் கேட்டு முறையிடுவதற்கு 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி குறுகிய கெடுதான். எங்களுக்கு எட்டு மாதம் ஓடிவிட்டிருந்தது. அன்று ஆபீசில் சாட்சியாக நின்ற கிராணி எங்கேயோ மாறிப் போய்விட்டார். இழப்பீட்டுக்காவது வழக்குப் போடலாம் என்று நான் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிவிட்டார். “போட்ட கையெழுத்து என்னோடதுப்பா. நானே போட்டுட்டு நானே இல்லேன்னு எப்படிச் சொல்றது?” என்றார். அந்தத் தலைமுறையின் நாணயம் அப்படி. அந்த நாணயத்தை வைத்துத்தான் அவரை ஏமாற்றினார்கள்.

யார்மேல் கோபம் என்று கேட்கிறீர்களா? அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவர்மேல் கோபம் இருந்தது. ஆனால் அதைவிட என்மேல்தான் அதிகம். அன்று தொலைபேசியில் அம்மாவிடம் “அப்பா நின்னாரா, நிறுத்தினாங்களா? தாள் ஏதாவது கொடுத்தாங்களா?” என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால், அந்தக் கெடு ஏறக்குறைய முழுவதும் என் கையில் இருந்திருக்கும்.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தவர்கள்தான். ‘வேலைநிறுத்தம்’ என்று எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள்! ‘வேலை நிற்றல்’ என்று சொல்லவில்லை. நிறுத்துகிறவன் தொழிலாளி என்று சொல்லிலேயே காட்டிவிட்டார்கள். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை நிறுத்தி இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. ‘எங்களை நிறுத்தாதே’ என்று கேட்பதற்காக அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவ்வளவு விலை கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் ஒரு ‘ஸ்டாப்’புக்குள் அடைத்து மூடிவிடலாமா?

ஆகவே, தோட்டத்திலும் டவுனிலும் உழைக்கிற என் சகோதர சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். அந்த 10, 15, 20 நாள் கணக்கும், 4, 6, 8 வாரக் கணக்கும் இன்றும் இருக்கின்றன. வேலையைத் திரும்பக் கேட்டு முறையிடுவதற்கு இன்று 60 நாள் கெடு. இன்றைய சட்டத்தில் இழப்பீட்டு விதி மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரர்களுக்கு உரியது. நம்மில் பெரும்பாலோர் அதற்குள்தான் இருக்கிறோம்.

ஆபீசில் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினால், அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. “வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லலாம். அந்தத் தாளில் ‘பெர்ஹெந்தி’ என்று இருக்கிறதா, ‘டிபெர்ஹெந்திக்கான்’ என்று இருக்கிறதா என்று தேடுங்கள். ‘செண்டிரி’ என்ற சொல் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா பாருங்கள். ‘சொந்தமாக’, ‘தானாக’ என்று அதற்கு அர்த்தம். கடிதம் கிடைத்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துக் கேட்டால், பெற்றுக்கொண்டேன் என்று பொருள்படும் ‘தெரிமா’ என்ற சொல்லை எழுதித் தேதியும் போடுங்கள். சம்மதம் என்று பொருள்படும் ‘செத்துஜூ’ என்ற சொல் அச்சிட்டிருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, மனம் வெறுத்து இரண்டு வேலை நாளுக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். தக்க காரணமும் தகவலும் இல்லாவிட்டால், ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது நிறுத்தியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், நின்றவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

இத்தனையும் ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு கேள்வி மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நின்றாரா, நிறுத்தினார்களா?

தொலைபேசியில் பேசிய பையனிடமும் அதைத்தான் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சைன் போடச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருக்காங்க மாமா. நாளைக்குள்ள கொடுக்கணுமாம்” என்றான். “போட்டுட்டியா?” என்றேன். “இல்ல மாமா, பேனா கையில இருக்கு” என்றான். “பேனாவைக் கீழே வை. தாளை எடுத்துக்கிட்டு வா” என்றேன். மழையில் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் வந்தான். இருவருமாகத் தொழிலாளர் இலாகாவுக்குப் போய் வந்திருக்கிறோம். என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து இல்லை. 1984ல் என் அப்பாவுக்குக் கிடைக்காத சௌகரியம் அது.

தங்கையைப் பற்றிக் கேட்பீர்கள். நன்றாக இருக்கிறாள். பொத்தான் கட்டப் போனவள், சொந்தமாகத் தையல் கடை வைத்து, இரண்டு பெண்பிள்ளைகளையும் பட்டதாரி ஆக்கிவிட்டாள். போன தீபாவளிக்கு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது பேத்தி அவளிடம், “பாட்டி, நீங்க ஏன் ஃபார்ம் திரியில ஸ்கூல் ஸ்டாப் பண்ணீங்க?” என்று கேட்டுவிட்டாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். அன்று கடிதத்தை மடித்தபோது பார்த்தாளே, அதே பார்வை. பிறகு சிரித்தபடியே பேத்திக்குத் திருத்திச் சொன்னாள்: “நான் நிக்கலைம்மா. நிறுத்தினாங்க.”

நாற்பது வருஷம் கழித்து அந்தக் கடிதத்தை அவள் திருத்திவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு “ஆமாம்மா, நிறுத்தினோம்” என்றேன். அதைச் சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ‘ஸ்டாப்’ இருக்கக்கூடும். இன்றைக்கே யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.